திரும்பி வந்தவர் என்ன சொன்னார்?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள இப்போதெல்லாம் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. கைபேசியைத் திறந்தால் போதும். "எட்டே நாளில் ஐந்து நாடுகள்! மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு!" என்று விளம்பரம் வந்து விழுகிறது. வாசல் கதவைத் திறந்தால் அதே விளம்பரம் வழவழப்பான காகிதத்தில் பத்திரிகையோடு வந்து கிடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மாமி சென்ற வருஷம் அப்படித்தான் ஐரோப்பா போய் வந்தார். பிள்ளை பணம் அனுப்பினான். பேத்தி கூடப் போனாள். மாமி திரும்பி வந்த மறுநாளே நான் ஆவலோடு போய், "ஸ்விட்ஜர்லாந்து எப்படி இருந்தது மாமி?" என்று கேட்டேன்.

"ரொம்பக் குளிருடீ" என்றார் மாமி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு சொல்லணும். சாம்பார் நன்னா இருந்தது" என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டோ எல்லாம் பேத்திகிட்டே இருக்கு. வரட்டும், காட்டச் சொல்றேன்" என்று முடித்துவிட்டார். பிறகு எனக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார்.

மாமியை நான் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். நான் மட்டும் என்ன வாழ்கிறது! மைசூருக்குப் போய்விட்டு வந்து, "அரண்மனையில் நல்ல கூட்டம்" என்று சொன்னவள்தானே நானும்! ஆனால் அந்தச் சாக்லேட்டைத் தின்றுகொண்டே வீடு திரும்பும்போது ஒரு கேள்வி மனத்தில் புகுந்துகொண்டது. தூர தேசத்துக்குப் போய் வருகிறவர், வீட்டோடு இருந்தவர்களுக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

இதை யாரிடம் போய்க் கேட்பது? பிரயாண ஏற்பாடு செய்யும் கம்பெனிகளில் நிபுணர்கள் இருக்கிறார்கள். விமானக் கட்டணம், விசா, ஹோட்டல் எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். என் கேள்விக்கு அவர்கள் போதாது. தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டிப் போய் வந்தவர்களைக் கேட்டால்தான் சரியாக வரும் என்று தோன்றியது. மறுநாள் மாலை பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடிக்கு ஏறிவிட்டேன்.

பூகோளம் குடியிருக்கும் வீடு

செட்டிநாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் வீடுகளா, அரண்மனைகளா என்று சந்தேகம் வரும்படி ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் கட்டடங்கள். வானம் பார்த்த பூமி. ஆறு கிடையாது, பெரிய விளைச்சல் கிடையாது. அங்கே இத்தனை மாளிகைகள் எப்படி முளைத்தன என்று கேட்டால், பதில் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் எனக்குத் தெரிந்தவர்களுக்கு வேண்டிய ஓர் ஆச்சி இருக்கிறார். வயது எண்பத்தேழு. நான் போனபோது வளவில் தூணோரம் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் கவுனி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா, வெயில்ல வந்திருக்கியே. மொதல்ல தண்ணியக் குடி" என்றார். தண்ணீருக்குப் பின்னாலேயே வெள்ளைப் பணியாரமும் வந்தது.

ஆச்சிக்குச் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்த தூண் பர்மாத் தேக்கு. முகப்பில் பதித்த சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. பட்டாலைச் சுவரில் ஆளுயரத்துக்கு நிற்கிற நிலைக்கண்ணாடி பெல்ஜியத்தைச் சேர்ந்தது. சுவரோரம் பதித்திருக்கும் பூப்போட்ட வழவழப்பு ஓடு ஜப்பானியம். உள்ளறையில் அடுக்கடுக்காக இருக்கிற மங்குச் சாமான்கள் ஐரோப்பாவில் எங்கெங்கோ செய்தவை. முறத்தில் இருந்த கறுப்புக் கவுனி அரிசிகூடப் பர்மாவிலிருந்து வந்து இந்த ஊர்க் கல்யாணப் பந்தியில் நிரந்தர இடம் பிடித்துக்கொண்ட விருந்தாளிதான். பள்ளிக்கூடத்துப் பூகோள பாடம் முழுவதும் அந்த ஒரு வீட்டில் குடியிருந்தது என்று சொல்ல வேண்டும்.

"இதையெல்லாம் கொண்டுவந்தவர்கள் அந்த ஊர்களைப் பற்றி என்ன சொன்னார்கள் ஆச்சி?" என்று கேட்டேன்.

ஆச்சி அரிசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னத்தச் சொன்னாக! 'எல்லாம் நம்ம ஊரு மாதிரித்தான்'னு சொன்னாக. அம்புட்டுத்தான்."

கைப்பெட்டிக்குப் பின்னால்

இது ஆச்சி வீட்டுக் கதை மட்டும் அல்ல. நகரத்தார் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதைக் "கொண்டுவிற்கப் போவது" என்று சொல்வார்கள். இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன், சுமத்ரா என்று அவர்கள் கால் படாத துறைமுகம் கீழ்த்திசையில் குறைவு. பையனுக்கு மீசை அரும்புவதற்கு முன்பே கப்பலேற்றிவிடுவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, திறமையிருந்தால் கடையை நடத்தும் மேலாளாக உயர வேண்டும். ஒரு தவணை என்பது பெரும்பாலும் மூன்று வருஷம். மூன்று வருஷம் அங்கே, பிறகு கொஞ்ச காலம் ஊரில், மறுபடியும் கப்பல். மனைவி மக்கள் பெரும்பாலும் இங்கேயே இருப்பார்கள்.

அவர்கள் போன காரியம் என்ன? ஊரைப் பார்ப்பது அல்ல, கணக்கைப் பார்ப்பது. சின்னஞ்சிறு கால் வைத்த சாய்வுக் கைப்பெட்டி ஒன்று. அதற்குப் பின்னால் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், வட்டிக் கணக்கும் பேரேடும்தான் உலகம். கதவுக்கு வெளியே பர்மாக்காரர்களின் திருவிழா போகும். சீனர்களின் கடைத்தெரு ஜேஜே என்று இருக்கும். கைப்பெட்டியை விட்டு எழுந்திருக்க நேரம் ஏது?

அப்படி உட்கார்ந்து சேர்த்த செல்வம் சாமானியமானது அல்ல. 1930-ஆம் வருஷத்து உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மா விவசாயிகள் நிலத்தைக் கைவிட்டார்கள். 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலம் வந்தது, கூடவே அந்நாட்டு ஜனங்களின் மனக்கசப்பும் வந்தது. கைப்பெட்டிக்குப் பின்னால் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கசப்பைக் கவனித்தார்களோ!

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடி வந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் கால்நடையாக வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். யுத்தம் முடிந்த பிறகு, 1948-ல் நிலங்களைத் தேச உடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பின் மிச்சமிருந்த வியாபாரமும் போயிற்று.

ஆச்சியின் அப்பச்சியும் அப்படி நடந்து வந்தவர்தான். ஆச்சிக்கு அப்போது நாலு வயது. "தாடியும் மீசையுமா ஒருத்தர் வாசல்ல வந்து நின்னாக. நான் பயந்துபோயி எங்க ஆத்தா சீலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். அதுதான் எங்க அப்பச்சி" என்றார்.

"அந்த நடையைப் பற்றிச் சொல்வாரா?"

"அதுக்கப்புறம் முப்பது வருசம் இருந்தாக. அதப் பத்தி ஒரு நாள் வாயத் தொறந்தது இல்ல."

கோட்டையூரிலிருந்து ஒருவர்

இதே மண்ணிலிருந்துதான், கைப்பெட்டியை விட்டு எழுந்து ஊரைப் பார்க்கவென்றே புறப்பட்ட ஒருவரும் வந்தார். காரைக்குடிக்கு மிக அருகில் இருக்கிறது கோட்டையூர். கல்லூரிகளைக் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியாருக்கும் அதுதான் ஊர். லட்சம் நூல்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையாவுக்கும் அதுதான் ஊர். அங்கே 1911-ல் பிறந்தவர் அ. கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். "உலகம் சுற்றும் தமிழன்" என்று பெயர் வாங்கியவர்.

அவரும் ரங்கூனுக்குப் போனார். ஆனால் அங்கே அவர் செய்தது வட்டிக் கணக்கு அல்ல. நகரத்தார் நடத்திய "தனவணிகன்" என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பானுக்குப் போய்த் தோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். அதற்குப் பிறகு நியூயார்க்குக்குப் போய் மேலும் படித்தார். இந்தக் காலத்துப் பையன்கள் படிக்கப் போவதுபோலத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அது 1930-களின் நடுப்பகுதி. ஆகாய விமானத்தில் தாவுகிற காலம் அல்ல. கப்பலில் வாரக்கணக்கில் ஊர்ந்து போகிற காலம்.

1937 அக்டோபர் 2-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவர் இருந்தார். நடுக்கடல். அன்று காந்திஜியின் பிறந்த நாள். இருபத்தாறு வயதுகூட நிரம்பாத அந்த இளைஞருக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. காந்திஜியின் வாழ்க்கையை உண்மையான படங்களைக் கொண்டே ஒரு முழுச் சினிமாவாகத் தொகுத்தால் என்ன?

உதித்த யோசனையைக் கப்பலோடு விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். நாமெல்லோரும் பிரயாணத்தில் செய்கிற வேலை அதுதானே? அவர் விடவில்லை. காந்திஜியைப் பல நாட்டுக்காரர்கள் பல காலத்தில் படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் எந்தெந்த நாட்டுச் செய்திப் படக் கம்பெனிகளின் அலமாரிகளில் தூங்குகின்றன என்று தேடிக்கொண்டு ஐரோப்பாவில் அலைந்தார்; தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்; அமெரிக்காவுக்குப் போனார். சுமார் முப்பது வருஷ காலத்தில் நூறு காமிராக்காரர்கள் எடுத்திருந்த படங்களிலிருந்து 50,000 அடிப் படச்சுருள் சேர்ந்தது. 1939-ல் யுத்தம் மூண்டுவிட்டது, ஆண்டுகொண்டிருந்தவர்களோ வெள்ளைக்காரர்கள். அப்படியிருந்தும் 1940 ஆகஸ்டில் தமிழில் அந்தப் படம் வெளிவந்தது. 1947-ல் சுதந்திரம் வந்த வேளையில் ஹிந்தி வடிவம் டில்லியில் காட்டப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் தயாராயிற்று.

அவருடைய புத்தகங்களின் பெயர்களைச் சொன்னாலே பாதி உலகத்தைச் சுற்றி வந்த மாதிரி இருக்கும்: "ஜப்பான்", "அமெரிக்க நாட்டிலே", "ஐரோப்பா வழியாக", "மலேயா முதல் கனடா வரை", "கரிபியன் கடலும் கயானாவும்". இதில் கடைசிப் புத்தகத்தின் பெயரைக் கவனியுங்கள். கயானாவுக்கு யார் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள்? ஆனால் 1838 முதல் இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட ஜனங்களின் பேரன் பேத்திகள் அங்கேதான் கரும்புத் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். விளம்பரத் தாளில் இடம் பெறாத ஊருக்கும் ஒரு மனிதர் தேடிக்கொண்டு போனார் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எழுத்தைப் படித்தால் "நான் அங்கே போனேன், எனக்கு மாலை போட்டார்கள்" என்கிற சமாசாரம் அகப்படுவது அரிது. தம்மைப் பற்றிச் சொல்வதில் அவ்வளவு கஞ்சர். இப்போது நாம் ஈபெல் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தால் கோபுரத்தில் பாதியை நம் தலையே மறைத்துவிடுகிறது. அவர் கையிலும் காமிரா இருந்தது. அதை அவர் எதிரே இருந்த மனிதர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். 1943-ல் "குமரி மலர்" என்ற பத்திரிகையைத் தொடங்கி, 1983-ல் காலமாகும் வரையில் அதை விடாமல் நடத்தினார்.

நெற்குப்பையிலிருந்து இன்னொருவர்

அதே சீமையில் நெற்குப்பை என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1921-ல் பிறந்தவர் சோம. இலக்குமணன் செட்டியார். தம் பெயரையே சுருக்கிச் "சோமலெ" என்று எழுதினார். "அமெரிக்காவைப் பார்!", "ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்" என்று அவரும் போன ஊர்களையெல்லாம் புத்தகமாக்கினார்.

சோமலெயிடம் எனக்குப் பிடித்தது, உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தவர் செய்த காரியம்தான். அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் பார்த்த கண்ணோடு தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினார். மதுரை மாவட்டம், கோயம்புத்தூர் மாவட்டம் என்று ஜில்லா ஜில்லாவாகப் போய், அங்கே என்ன விளைகிறது, என்ன தொழில் நடக்கிறது, ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று விவரம் சேர்த்து எழுதினார். தூர தேசத்தில் "இது ஏன் இப்படி?" என்று கேட்டுப் பழகியவருக்குச் சொந்த ஊரிலும் அதே கேள்வியைக் கேட்கத் தோன்றியது. ஏ. கே. செட்டியாரும் அப்படித்தான், 1968-ல் அவர் தொகுத்த பெரிய புத்தகம், நூறு வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டில் பிரயாணம் செய்தவர்களின் கட்டுரைகள்.

ஆகவே வாசகிகளே, உங்கள் வீட்டில் வெளிநாடு போய் வருவதற்கு இந்த வருஷம் வசதி இல்லை என்றால் முகம் வாடாதீர்கள். பக்கத்து ஜில்லாவை அந்நிய தேசம்போல் நினைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். விசா வேண்டாம்!

ஆச்சியின் புத்தகம்

இவ்வளவையும் ஆச்சியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். "ஏ. கே. செட்டியாரா?" என்றார் ஆச்சி. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய புத்தகம். அட்டை போய், பழுப்புக் காகிதம் போட்டுத் தைத்திருந்தது. "மலேயா முதல் கனடா வரை."

ஆச்சிக்குப் பதினேழாவது வயதில் கல்யாணம். அவருடைய வீட்டுக்காரருக்குப் பினாங்கில் கடை. கல்யாணமான நாலாவது மாதம் நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறிவிட்டார். 1920-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரையில் நம் ஜனங்களைச் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலேயாவுக்கு ஏற்றிக்கொண்டு போன கப்பல் அது. போனவர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில், பணம் இவ்வளவு அனுப்பியிருக்கிறது, பசுமாட்டை விற்க வேண்டாம். அவ்வளவே.

"எனக்கு அந்த ஊர் எப்படி இருக்கும்னு ஆசையா இருக்கும் ஆத்தா. யாரக் கேக்கிறது? மாமியாரக் கேட்டா, 'ஒனக்கெதுக்கு அது?'ம்பாக. எங்க நாத்தனா மகன் காலேஜுல படிச்சான். அவன் கொண்டாந்து குடுத்த புஸ்தகம் இது. மலேயா பத்தி இருக்கிற பக்கத்த எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. அவுக அங்ஙன இருக்காக, நான் இங்ஙன புஸ்தகத்துல தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார்.

புருஷன் வாழ்ந்த ஊரை இன்னொருவர் எழுதிய புத்தகத்தில் தேடிய பெண்! அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மலேசியாவில் 1969 வாக்கில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அநுமதிச் சீட்டு விதிகள் கடுமையாயின. பலர் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஆச்சியின் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். ஒரு ரேடியோ, இரண்டு பெட்டி நிறையத் துணிமணி, தைல பாட்டில்கள் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்; பினாங்கைப் பற்றிப் பேசவே இல்லை.

"கோபம் வரவில்லையா ஆச்சி?"

"வந்துச்சு. ரொம்ப வருசம் இருந்துச்சு. பினாங்குக்குப் போயிட்டு வந்தப்பறந்தான் போச்சு."

ஆம், ஆச்சி போய் வந்தார். எழுபத்திரண்டாவது வயதில், பேத்தி அழைத்துக்கொண்டு போனாள். திருச்சியில் விமானம் ஏறினால் கோலாலம்பூருக்குச் சுமார் நாலு மணி நேரம். கப்பலில் ஒரு வாரம் போன தூரம்!

பினாங்கில் நகரத்தார் 1857-ல் ஏற்படுத்திய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும். பேத்தி அதையெல்லாம் காட்டினாள். ஆச்சி கும்பிட்டுக்கொண்டார். ஆனால் அவர் பார்க்க வந்தது அது அல்ல. "எங்க ஐயா இருந்த கிட்டங்கி எங்க இருக்கு?" என்று பேத்தி நாலு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தாள்.

கிட்டங்கி என்பது பல கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கூடத்தில் இருந்து தொழில் நடத்துகிற நீண்ட கட்டடம். இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ துணி வியாபாரம் செய்கிறார்கள். ஆச்சி கேட்டுக்கொண்டதன்பேரில் உள்ளே விட்டார்கள். ஒரு முதியவர், முன்பு அங்கே வேலை பார்த்தவர், எப்படி இருந்தது என்று தரையில் கையால் கோடு போட்டுக் காட்டினார். இங்கே ஒருவர் பெட்டி, அடுத்தாற்போல் இன்னொருவர் பெட்டி. பின்னால் ஆளுக்கு ஓர் அலமாரி. பகலில் அதே இடத்தில் தொழில். ராத்திரி அதே இடத்தில் பாய்.

"ஆறடி நீளம் இருக்கும் ஆத்தா. அகலம் மூணடி இருந்தா அதிகம்" என்றார் ஆச்சி. சொல்லிவிட்டு வளவை ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், பெரும்பாலானவற்றில் பூட்டு. "இம்புட்டுப் பெரிய வீட்டுக்கு வெள்ளையடிக்கக் காசு அனுப்புனவுக, அந்த ஆறடியில பதினாலு வருசம் படுத்திருக்காக. ஊரப் பாத்திருந்தாத்தானே சொல்லுவாக? இந்தப் பாயத்தான் பாத்திருக்காக. அத எங்கிட்டச் சொல்ல மனசு வருமா?"

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு ஆச்சியே சொன்னார்:

"அவுகளச் சொல்லி என்ன. நாங்களும் கேக்கலையே. கப்பல்ல வந்து எறங்குனா, என்ன கொண்டாந்தீகன்னு கேப்போம். என்ன பாத்தீகன்னு கேட்டோமா?"

என்ன பார்த்தீர்கள்?

திரும்பும் வழியில் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய சாமான்கள் அங்கே கடை கடையாகக் குவிந்திருக்கின்றன. கப்பலேறி வந்த மங்குச் சட்டிகள், ரசம் போன கண்ணாடிகள், யாரோ ஒரு மேலாளின் கைப்பெட்டி. யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது, யாருக்காக வாங்கியது? கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது. அவரிடம் விற்றவர்களுக்கும் தெரிந்திருக்காது. வீட்டில் கதை தங்கியிருந்தால் சாமானும் தங்கியிருக்குமோ என்னவோ.

இப்போது பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஜனங்கள் செட்டிநாட்டைப் பார்க்க வருகிறார்கள். சில வீடுகள் ஹோட்டல்களாகிவிட்டன. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இந்த ஊர்கள் இடம் பெற்றன. ஒரு தடவை பிரெஞ்சு அம்மாள் ஒருத்தி ஆச்சியின் எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பணியாரச் சட்டியிலிருந்து கழுத்துச் சங்கிலி வரையில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளிவிட்டாளாம். "எங்க வீட்டுல யாரும் எங்கிட்ட இம்புட்டுக் கேட்டதில்ல" என்றார் ஆச்சி.

ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே நான் எங்கள் தெரு மாமி வீட்டுக்குப் போனேன். பேத்தி இல்லை, படமும் இல்லை. எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "மாமி, அங்கே உங்கள் வயதுப் பெண்மணி யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

மாமி சற்று விழித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஆமாண்டி! ரெயில்லே எனக்கு எதிர்சீட்டிலே ஒரு கிழவி. கம்பளி நூலிலே என்னமோ பின்னிண்டே வந்தா. எனக்கு அந்தக் கையையே பார்த்துண்டிருக்கத் தோணித்து. பாஷை தெரியாதே! நானும் ஊசியை வாங்கி ரெண்டு வரிசை பின்னிக் காட்டினேன். எங்கம்மா கத்துக் கொடுத்த பின்னல். அவ சிரிச்சா பாரு, ஒரு சிரிப்பு! எறங்கற எடம் வந்ததும் என் கையைப் பிடிச்சுண்டு விடவே இல்லே..."

மாமி சொல்லிக்கொண்டே போனார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.